ஆர்விட்டின் அகலக் குழாய்

அத்தியாயம் 5

பாலைவனத்தில் தண்ணீரைச் சேர்த்து வைக்க என்னென்னவோ தகிடுதத்தம் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இருக்கிற தண்ணீரைச் சீக்கிரமாக வெளியேற்ற வழி செய்கிறவனை மட்டும் அதுவரை பார்த்ததில்லை.

அதனால், கிளெண்டா வந்து விஷயத்தைச் சொன்னதும் கடித்த டோனட்டை மெல்ல மறந்து உட்கார்ந்திருந்தேன்.

“ரெண்டு அங்குலக் குழாய், மாவிஸ். என் கண்ணால பார்த்தேன்,” என்றாள் கிளெண்டா. “ஆர்விட் இருக்கானே, நார்த் டகோட்டாக்காரன், அவனோட டிரெய்லர்ல. குடிதண்ணித் தொட்டியை வடிக்கிற குழாய். நம்ம எல்லாருக்கும் அது எவ்வளவு அகலம்? விரல் நுழைஞ்சாலே பெரிசு. அவனுக்கு மட்டும் எதுக்கு அவ்வளவு பெரிய வாய்?”

“அவன் சொந்த வாயைத் திறக்கறதே இல்லியே. அதுக்குப் பதிலா இதையாவது திறக்கலாம்னு வச்சிருப்பான்,” என்றேன்.

மாவிஸ் மேடம் சிரிக்கவில்லை. ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களைக் கண்டுபிடிப்பதையே தொழிலாக வைத்திருந்து ஓய்வு பெற்றவர். என் ஜோக்குகளையும் பொய்க் கணக்கு வரிசையில்தான் வைத்திருக்கிறார். நான் லோவெல். ரொட்டி வேன் ஓட்டியவன். குளிர்காலம் வந்தால் இந்த அரிசோனாப் பொட்டல் முகாமில் எங்கள் இரண்டு டிரெய்லர் வீடுகளும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். காப்பி அவருடையது, டோனட் என்னுடையது. யாராவது எதையாவது தொலைத்துவிட்டு வந்தால், தேடுவது இரண்டு பேரும்.

இந்த முறை தொலைத்தவள் வில்லா. கிளெண்டாவின் அண்ணி.

முந்தாநாள் மதியம் அவள் டிரெய்லர் வாசலில் போட்டிருந்த மேஜையிலிருந்து ஓர் ஓபல் கல் காணாமல் போனது. புறா முட்டை அளவு. கறுப்பு உடம்புக்குள் பச்சையும் சிவப்பும் நெருப்பாக ஓடும். நெவாடாவில் வில்லாவின் கணவன் ஹார்லன் தோண்டியெடுத்த கல். தோண்டியெடுத்த அன்றைக்கே, அந்தக் குழியிலேயே, ஹார்லனுக்கு மாரடைப்பு. அவன் கை விரல்களைப் பிரித்து அந்தக் கல்லை எடுத்தவள், கூடவே மண் வெட்டிக்கொண்டிருந்த தங்கை கிளெண்டா.

அந்த ஊர்க் கல்லுக்கு ஒரு குணம் உண்டு. எப்போதும் தண்ணீரில் கிடக்க வேண்டும். வெளியே எடுத்துக் காயவிட்டால் உள்ளுக்குள்ளேயே விரிசல் விட்டு வீணாகிவிடும். அதனால் வில்லா அதைக் கண்ணாடி ஜாடியில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தாள். இந்தச் சனிக்கிழமை நகரத்துக் கல் சந்தைக்கு வருகிற பெரிய ஓபல் வியாபாரி ஒருவர் அதைப் பார்க்க வருவதாக இருந்தது.

வில்லா சூப்பைக் கிளறிவிட்டு வருவதற்குள் ஜாடி மட்டும் இருந்தது. கல் இல்லை.

அவள் போட்ட கூச்சலில் முகாம் வாசலில் நின்றிருந்த துணை ஷெரிப் ஓடி வந்தார். ஒரு வண்டியையும் வெளியே விடாமல், ஒவ்வொரு டிரெய்லராக ஏறி இறங்கித் தேடினார். கெட்டில், ஐஸ் பெட்டி, நாய் தண்ணீர் குடிக்கிற கிண்ணம் வரை கையை விட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. குடிதண்ணீர்த் தொட்டிகளை மட்டும் அவர் தொடவில்லை. நிரப்புகிற வாயும் குறுகல், வடிகிற வாயும் குறுகல், புறா முட்டை எப்படி நுழையும்?

இரண்டு அங்குலக் குழாய் இருந்தால் நுழையும்.

“அண்ணி முந்தாநாள்லேர்ந்து ஒரு வாய் சாப்பிடல,” என்றாள் கிளெண்டா. கண் சிவந்திருந்தது. “அது தண்ணியில இருக்கா, காஞ்சு கிடக்கான்னு அதையே கேட்டுக்கிட்டு இருக்கா. அந்தக் குழாயைத் திறக்கச் சொல்லுங்க மாவிஸ். நீங்க சொன்னா எல்லாரும் கேப்பாங்க.”

“கேக்கறேன்,” என்றார் மேடம். “லோவெல், தொப்பியை எடு.”

*

குழாய்க்காரன் எலிசியோவைக் கண்டுபிடிப்பது சுலபம். எந்த டிரெய்லருக்கு அடியிலிருந்து இரண்டு பூட்ஸ் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கே இருப்பான். முகாமில் ஒழுகுவதெல்லாம் அவன் சாம்ராஜ்யம். நாங்கள் பூட்ஸோடு பேசினோம்.

“ஆர்விட் வேலையா? ஆமா, நான்தான் செஞ்சேன்,” என்றது பூட்ஸ். “பழைய குழாயைப் பிடுங்கிட்டு, தொட்டியோட பக்கவாட்டுல, அடிமட்டத்துல, ரெண்டு அங்குலத்துக்குத் துளை போட்டேன். குழாயை வெளிய வரைக்கும் இழுத்து ஒரு இழுவை வால்வு. இனிமே படுத்து ஊர வேணாம். நின்னுக்கிட்டே திறக்கலாம். என் வேலையைப் பார்த்தா முத்தம் கொடுப்பீங்க.”

“குழாய்க்கா, உனக்கா?” என்றேன்.

“எதுக்கு இவ்வளவு பெரிசுன்னு கேட்டியா?” என்றார் மேடம்.

“கேட்டேன். ‘உன் வேலையைப் பாரு’ன்னான். பார்த்தேன்.”

“எப்ப முடிச்சே?”

“முந்தாநாள் மதியத்துக்குக் கொஞ்சம் முன்னாடி. பசை காயணும், சாயங்காலம் வரைக்கும் தண்ணி காட்டாதேன்னு சொல்லிட்டு வந்தேன். காத்துப் படட்டும்னு வால்வையும் திறந்தே விட்டேன். அவன் அந்தப் பக்கம் போய் நாயோட ஒரு தூக்கம் போட்டான்.”

நான் மேடத்தின் விலாவில் இடித்தேன். மதியம் கல் போகிறது. மதியம் ஆர்விட்டின் தொட்டி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. சாயங்காலம் தண்ணீர் நிரப்பியாகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? கையில் விலங்கோடு ஒரு போட்டோவா?

மேடத்தின் பார்வை எலிசியோவின் குப்பை வாளியில் இருந்தது. குனிந்து, வெள்ளையாக ஏதோ பொருக்கை எடுத்து விரலில் வைத்து நசுக்கினார்.

“இது என்ன?”

“சுண்ணாம்பு. அவன் தொட்டியிலேர்ந்துதான். துளை போட்டதும் கைநிறைய கொட்டிச்சு. பழைய குழாயும் இதனாலதான் அடைச்சுக் கிடந்துச்சு. இந்த ஊர்த் தண்ணிக்கு வேற என்ன வரும்?”

“அப்ப யாராவது பக்கத்துல இருந்தாங்களா? கிளெண்டா?”

“ஒருத்தரும் இல்ல. நான், நான், அப்புறம் நான்.”

மேடம் அந்தப் பொருக்கைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். அவருடைய கைக்குட்டையில் எது போனாலும் எனக்கு அடுத்த நாள் வேலை என்று அர்த்தம்.

“மேடம், கல்லைத் தேடி வந்தோம். நீங்க சுண்ணாம்பு சேக்கறீங்க. வெத்தலை போடற பழக்கம் எப்ப வந்தது?”

“நடக்கறியா, பேசறியா?”

“ரெண்டும் ஒண்ணா வருமே எனக்கு.”

*

ஆர்விட் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நாற்காலி என்றால் சும்மா நாற்காலி இல்லை. டிரெய்லரின் பக்கவாட்டோடு ஒட்டிப் போட்டு, மேலே ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, காலடியில் எருமைக்கன்று சைஸில் ஒரு நாயையும் போட்டிருந்தான். குழாய் எங்கே இருக்கிறது என்று நான் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. நாய் மட்டும் என்னைத் தெளிவாகப் பார்த்தது.

“நேத்து பூரா இங்கேயேதான் உக்காந்திருந்தான்,” என்று பின்னாலிருந்து யாரோ கிசுகிசுத்தார்கள். திரும்பினால் பாதி முகாம் நிற்கிறது. கிளெண்டா செய்தியை வீடு வீடாகப் போட்டிருந்தாள், நான் ரொட்டி போட்ட மாதிரி.

“ஆர்விட், உங்க தொட்டியைத் திறந்து பாக்கணும்,” என்றார் மேடம்.

“முடியாது.”

“எதுக்கு அந்தப் பெரிய குழாய்?”

“என் தொட்டி. என் குழாய்.”

“இந்த இடத்துல யாரும் தண்ணிய வெளிய விடறதில்ல. ஊருக்குக் கிளம்பினாக்கூட மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துட்டுத்தான் போறோம். நீங்க மட்டும் வாசலை அகலம் பண்ணியிருக்கீங்க. சந்தேகம் வராதா?”

“வரட்டும். நகரத்துக் குழாய்லேர்ந்து பையில பிடிச்சு, வண்டியில ஏத்தி, நானே இறைச்ச தண்ணி. ஒரு சொட்டு விட மாட்டேன்.”

கூட்டம் முணுமுணுத்தது. “ஷெரிப்பைக் கூப்பிடுங்க” என்று ஒரு குரல். “முகாமை விட்டே அனுப்புங்க” என்று இன்னொன்று. நேற்றுவரை இவனோடு சீட்டு ஆடியவர்கள்தான். எனக்கும் ஆர்விட்டைப் பிடிக்காது, ஆனால் அந்த முணுமுணுப்பு அதைவிடப் பிடிக்கவில்லை. அவன் முகம் சிவந்துபோய், நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். மறைக்க ஏதோ இருக்கிறவன்தான் அப்படிப் பிடிப்பான்.

அப்போது கூட்டம் விலகி வழிவிட்டது. வில்லா வந்தாள். கல் இல்லாத ஜாடியைத் தண்ணீரோடு மார்பில் அணைத்துப் பிடித்திருந்தாள்.

“திறக்கக்கூட வேணாம் ஆர்விட்,” என்றாள். குரல் எழும்பவில்லை. “அது உள்ள இருக்கா, தண்ணியில இருக்கா, அதை மட்டும் சொல்லு. ஹார்லன் கடைசியா தொட்டது அது. காயாம இருந்தா போதும். யார்கிட்ட இருந்தாலும் பரவாயில்ல.”

ஆர்விட் அவளைப் பார்த்தான். பிறகு ஜாடியைப் பார்த்தான். எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான், போர்வையைச் சுருட்டினான்.

“வாளி கொண்டாங்க,” என்றான். “ஒரு சொட்டு மண்ணுல விழுந்தாலும் யாரையும் சும்மா விட மாட்டேன்.”

*

எங்கள் முகாமில் தண்ணீர் என்றால் போதும், வாளி தானாக வரும். நொடியில் வரிசை கட்டிவிட்டார்கள். வாளி, டப்பா, பாத்திரம் கழுவுகிற தொட்டி, ஒரு ஆள் தன் கௌபாய்த் தொப்பியோடு. எல்லாவற்றுக்கும் முன்னால், குழாய்க்குப் பக்கத்திலேயே, கிளெண்டா தன் நீல வாளியோடு நின்றாள். அதன் வாயில் ஒரு துண்டைப் போட்டிருந்தாள்.

நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். நின்றது தப்பு. நாலைந்து தேனீக்கள் அவள் வாளியைச் சுற்றிச் சுற்றி வந்தன. இந்தப் பொட்டலில் தேனீயைப் போலத் தாகம் எடுத்த ஜென்மம் கிடையாது. ஒன்றைத் தட்டிவிடப் போக, அது என் காது மடலில் தன் கணக்கைத் தீர்த்துவிட்டுப் போனது.

“ஆ! மேடம், கொலை! துப்பறிய வாங்க!”

“அசையாம நில்லு,” என்றார் மேடம். அவர் கண் என் காதில் இல்லை. தேனீயின் மேல் இருந்தது. பாசமே இல்லாத பெண்மணி என்று நினைத்துக்கொண்டேன்.

ஆர்விட் வால்வை இழுத்தான்.

தண்ணீர் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி பாய்ந்தது. எலிசியோ சொன்னது உண்மைதான், முத்தம் கொடுக்க வேண்டிய வேலை. நிரம்பிய வாளியை நகர்த்துவதற்குள் அடுத்ததும் நிரம்பியது. ஒவ்வொரு வாளியிலும் நான் தலையை விட்டுப் பார்த்தேன். தண்ணீர். தண்ணீர். கொஞ்சம் சுண்ணாம்பு. தண்ணீர்.

“நீங்க பிடிங்க, நீங்க பிடிங்க,” என்று கிளெண்டா எல்லோருக்கும் வழிவிட்டுக்கொண்டே இருந்தாள். கண் மட்டும் குழாய் வாயைவிட்டு நகரவில்லை. பாவம், அண்ணன் கல் என்றால் தவிப்பு இருக்காதா?

பாய்ச்சல் குறைந்தது. நூலாக இளைத்தது. கல் வரவில்லை.

“முன்பக்கத்தைத் தூக்குங்க,” என்றாள் கிளெண்டா. “அந்த மூலையில தங்கியிருக்கும்.”

மேடம் எனக்குத் தலையசைத்தார். நான் முன் ஜாக்கியைச் சுற்றினேன். ரொட்டி வேன் ஓட்டிய தோளுக்கு இதெல்லாம் விதித்திருக்கிறது. டிரெய்லர் மூக்கைத் தூக்கியது. உள்ளே மிச்சத் தண்ணீர் சரிந்து ஓடுகிற சத்தம் கேட்டது. கடைசியாக ஒரு பாய்ச்சல். அதை மட்டும் கிளெண்டா தன் வாளியில் பிடித்தாள். பிறகு சொட்டு. பிறகு ஒன்றுமில்லை.

நான் ஓடி வருவதற்குள் அவளே வாளியைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். “ஒண்ணுமில்ல,” என்றாள். துண்டை மறுபடி மேலே போட்டாள்.

ஆர்விட் குழாய்க்குள் முழங்கை வரை கையை விட்டான். எடுத்து, ஈரக் கையை எல்லோருக்கும் காட்டினான்.

“பாத்தாச்சா? திருப்தியா?” அவன் குரல் உடைந்தது. “அடுத்து என்ன? என் பல் செட்டைக் கழட்டிக் காட்டவா?”

கூட்டம் தரையைப் பார்த்தது. பிறகு, கூட்டங்களின் வழக்கப்படி, பழியைப் போட வேறு ஆள் தேடி மாவிஸ் மேடத்தைப் பார்த்தது. “எல்லாம் இந்த அம்மா செஞ்சது” என்று கௌபாய்த் தொப்பி சொன்னது. வில்லா ஜாடியோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு மேடத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் தோற்று நான் பார்த்ததில்லை. பார்க்கவும் விரும்பவில்லை.

அவரோ சாதாரணமாகத் திரும்பினார். “லோவெல், கிளெண்டா வாளியைத் தூக்கிக்கிட்டுப் போறா பாரு. கனமா இருக்கும். வாங்கிக்கோ.”

கிளெண்டா அதற்குள் பத்தடி போயிருந்தாள்.

“வேணாம், நானே கொண்டு போறேன்,” என்றாள், திரும்பாமல்.

“கொடு கிளெண்டா,” என்றார் மேடம். “தேனீ கொட்டப் போகுது.”

அவள் நின்றாள்.

“குழாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே தேனீ உன் வாளிக்கு வந்துச்சு. தேனீ வெறும் வாளியைத் தேடி வராது. வரிசையில நின்ன எல்லாரும் காலி வாளியோட வந்தாங்க. நீ மட்டும் அடியில தண்ணி ஊத்தி, துண்டு போட்டு மூடிக் கொண்டு வந்தே. அவங்கல்லாம் தண்ணி பிடிக்க வந்தவங்க. நீ கல்லைப் பிடிக்க வந்தே. அது விழுந்து அடிபடக் கூடாது, ஒரு நொடிகூட காயக் கூடாது.”

மேடம் அவளை நெருங்கினார். நானும்.

“அப்புறம் காலையில சொன்னியே, ‘என் கண்ணால பார்த்தேன்’னு. அந்தக் குழாயை எங்கேர்ந்து பார்த்தே? முந்தாநாள் சாயங்காலத்துலேர்ந்து அது நாற்காலிக்கும் போர்வைக்கும் நாய்க்கும் பின்னாடி இருக்கு. எலிசியோ வேலை செஞ்சப்பவும் நீ அங்க இல்ல. அது கண்ணுல பட்ட நேரம் ஒண்ணே ஒண்ணுதான். மதியம், ஆர்விட் தூங்கினப்ப, வால்வு திறந்து கிடந்தப்ப.”

“அப்ப இவனுக்கு எதுக்கு இந்தப் பெரிய குழாய்?” என்று நான் ஆர்விட்டைக் காட்டினேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

மேடம் கைக்குட்டையை அவிழ்த்து வெள்ளைப் பொருக்கைக் காட்டினார். “நான் சொல்லவா ஆர்விட்? நீங்களே சொல்றீங்களா?”

ஆர்விட் நாயின் தலையைத் தடவினான். தரையைப் பார்த்துச் சொன்னான். “போன வருஷம் ஊர்ல தொட்டியை வடிக்கத் திறந்தேன். சுண்ணாம்பு அடைச்சு பாதியில நின்னுடுச்சு. காலியாயிடுச்சுன்னு நினைச்சு விட்டுட்டேன். ராத்திரி உறைஞ்சு, ஒரு மூலை பிளந்து, ஒட்டுப் போட வேண்டியதாச்சு. இனிமே அடைக்கக் கூடாதுன்னுதான் இந்தப் பெரிய குழாய். நார்த் டகோட்டாவுல பொறந்தவன் தண்ணிய உறைய விட்டான்னு தெரிஞ்சா, இவங்க சீட்டாட்டத்துல என்னை உயிரோட விடுவாங்களா?”

விட்டிருக்க மாட்டோம். நான் முதல் ஆளாக ஆரம்பித்திருப்பேன்.

கிளெண்டா வாளியைக் கீழே வைத்தாள். துண்டை அவளே எடுத்தாள்.

அடியில் கல் கிடந்தது. நல்ல வெயில். பச்சை ஓடியது, அதன் பின்னாலேயே சிவப்பு ஓடியது. வில்லா எழுந்து ஓடி வந்து வாளியின் பக்கத்தில் மண்டியிட்டாள். அவள் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. கொட்டு வாங்கிய காதைத் தடவிக்கொண்டேன்.

“என் அண்ணன் கையிலேர்ந்து நான் எடுத்தது,” என்றாள் கிளெண்டா. “நீ அதை அந்த வியாபாரிக்கு விக்கப் போறே. அவன் அறுத்து மோதிரமும் தோடும் பண்ணிடுவான். அதைப் பாத்துக்கிட்டு நிக்க முடியல. எடுத்தேன். அதுக்குள்ள நீ கத்தினே, ஷெரிப் ஓடி வந்தாரு. எதிர்ல இந்தத் தொட்டி வாயைத் திறந்துக்கிட்டு இருந்துச்சு. உள்ள உருட்டி விட்டுட்டேன். அப்புறம் இந்த ஆளு அந்த இடத்தை விட்டு நகரவே இல்ல.”

“விக்கப் போறேன்னு யார் சொன்னா?” வில்லா நிமிர்ந்து பார்த்தாள். “பாக்க வர்றாருன்னுதான் சொன்னேன். ஹார்லன் ஆயுசு பூரா அந்தக் குழியில கிடந்தாரு. கடைசியில எடுத்தது நல்ல கல்லுன்னு, விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் வாயால கேக்கணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்.”

கிளெண்டா கையிலிருந்த துண்டைக் கீழே போட்டாள்.

வில்லா கையை விட்டுக் கல்லை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து வெயிலில் திருப்பினாள். தண்ணீர் அதன் மேலிருந்து வழிந்து விரல் இடுக்கில் இறங்கியது. கல்லின் முதுகு காய ஆரம்பித்தது.

அப்போதுதான் தெரிந்தது. முதலில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. அதிலிருந்து இன்னொன்று. பிறகு கல் முழுவதும் சிலந்தி வலை மாதிரி. நெருப்பு அணைந்து சாம்பல் பூத்தது.

“காஞ்சிருக்கு,” என்றாள் வில்லா.

“இல்ல,” என்றாள் கிளெண்டா. “இல்ல, தண்ணியிலதானே இருந்துச்சு? வண்டியில தண்ணிப் பை நிறைஞ்சு கிடந்துச்சு, இறைக்கிற குழாயும் பக்கத்துல விரிச்சு வச்சிருந்துச்சு. உடனே ஊத்திடுவான்னுதான் நான்…”

“பசை காயணுமே,” என்றான் ஆர்விட் மெதுவாக. “சாயங்காலம்தான் ஊத்தினேன்.”

எனக்கு எலிசியோவின் பூட்ஸ் ஞாபகம் வந்தது. சாயங்காலம் வரைக்கும் தண்ணி காட்டாதே. மதிய வெயிலில், வெற்றுப் பிளாஸ்டிக் தொட்டிக்குள், அந்தக் கல் சூட்டில் வெந்திருக்கிறது. முகாமில் அந்தக் கல்லை நன்றாக அறிந்தவள் கிளெண்டாதான். கல்லைப் பற்றி அவளுக்கு எல்லாம் தெரியும், பசையைப் பற்றித் தெரியாது.

கிளெண்டா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

“வில்லா,” என்றார் மேடம். “துணை ஷெரிப்புக்குச் சொல்லணும். என்ன சொல்லட்டும்?”

வில்லா கல்லை ஜாடிக்குள் மெல்ல இறக்கினாள். தண்ணீர் மூடியதும் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. பச்சை மறுபடி ஓடியது. பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே நடக்காத கல்.

இதற்குள் யாரும் சொல்லாமலே முகாம் ஒரு காரியம் செய்ய ஆரம்பித்திருந்தது. ஆர்விட் வால்வைத் தள்ளி மூடினான். கௌபாய்த் தொப்பி முதல் ஆளாகத் ஒரு வாளியைக் கொண்டு வந்து ஆர்விட்டிடம் தொட்டியில் ஊற்றக் கொடுத்தது. அடுத்தவர், அதற்கடுத்தவர். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. வாளியைக் கொடுக்கும்போது அவன் முகத்தைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். நான் கடைசியாகக் கிளெண்டாவின் நீல வாளியைத் தூக்கப் போனேன்.

“அது இருக்கட்டும்,” என்றான் ஆர்விட். “அது அந்த ஜாடிக்கு வேணும்.”

வில்லா நாத்தனாரின் எதிரில் போய் நின்றாள்.

“உன்கூட நான் பேச மாட்டேன்,” என்றாள். “எத்தனை நாளைக்குன்னு எனக்கே தெரியாது. ஷெரிப்புகிட்ட, கல்லு கிடைச்சிடுச்சுன்னு மாவிஸ் சொல்லட்டும். ஆனா தண்ணி தினம் மாத்தணும். ஹார்லன் இருந்தப்ப நீதான் மாத்துவே. நான் மறந்துடுவேன்.”

ஜாடியை நீட்டினாள்.

கிளெண்டா அதை வாங்கிக்கொண்டு நீல வாளியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கல் ஒரு நொடியும் வெளியே தெரியாதபடி, பழைய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, புதுத் தண்ணீரைக் கையால் அள்ளி அள்ளி ஊற்றினாள். விரல் இடுக்கு வழியாகப் பாதி மண்ணில் சிந்தியது. ஆர்விட் பார்த்துக்கொண்டுதான் இருந்தான், ஒன்றும் சொல்லவில்லை. சிந்திய ஈரத்துக்குத் தேனீக்கள் வந்து இறங்கின. நான் அவற்றை விரட்டவில்லை.